‘சிறுகோள் மோதுமா?’ என்று செய்தி வந்தால் எந்த எண்ணைப் பார்ப்பது?

2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் பற்றிய செய்தி தினமும் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் 1.3 சதவீதம், இன்னொரு நாள் 2.3, அப்புறம் 3.1. ஒரு செய்தி ‘டொரினோ 3’ என்றது. இன்னொன்று பலேர்மோ என்று சொல்லி மைனஸ் போட்ட ஓர் எண்ணைக் கொடுத்தது. வேறொன்று எந்த எண்ணும் தராமல் ‘ஆபத்தான சிறுகோள்’ என்றது. அந்த வாரங்களில் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: இவற்றில் எதைப் பார்த்துப் பயப்படுவது, எதைப் பார்த்து விட்டுவிடுவது?

நியாயமான கேள்வி. இந்த நான்கும் ஒரே விஷயத்தை நான்கு விதமாகச் சொல்வதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் தேவையில்லாமல் தூக்கம் போகும், இல்லாவிட்டால் கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஒரு எண் எனக்கு உதவ வேண்டுமானால் சில விஷயங்களை எதிர்பார்ப்பேன். மோதும் வாய்ப்பு அதில் இருக்கிறதா? மோதினால் எவ்வளவு சேதம் என்பது இருக்கிறதா? எத்தனை ஆண்டு கழித்து என்பது இருக்கிறதா? விளக்கம் கேட்காமல் ஒருவரால் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா? கடைசியாக, புதிய அவதானிப்பு வரும்போது அந்த எண் அதைக் காட்டுமா, அல்லது அப்படியே நிற்குமா?

இவை எல்லாவற்றையும் நிறைவேற்றும் எண் எதுவும் இல்லை. அதனால்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

| | மோதும் வாய்ப்பு | சேத அளவு | காலம் | படிக்க எளிதா | மாற்றத்தைக் காட்டுமா |
|---|---|---|---|---|---|
| ‘ஆபத்தான’ என்ற பட்டம் | இல்லை | அளவு மட்டும், தோராயமாக | இல்லை | மிக எளிது, ஆனால் தவறாகப் புரியும் | இல்லை |
| சதவீதம் | உண்டு | இல்லை | இல்லை | எளிது | நன்றாகக் காட்டும் |
| டொரினோ | உண்டு | உண்டு | 100 ஆண்டுக்குள் மட்டும் | எளிது | படிப்படியாக மட்டும் |
| பலேர்மோ | உண்டு | ஒருவகையில் | உண்டு | கடினம் | நன்றாகக் காட்டும் |

## ‘ஆபத்தான சிறுகோள்’ என்ற பட்டம்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இதற்கு இரண்டே நிபந்தனை. சிறுகோளின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வர வேண்டும். அது சுமார் 140 மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும் என்று அதன் பிரகாசம் காட்ட வேண்டும். அவ்வளவுதான். பாதைகள் நெருங்குவதைத்தான் இது பார்க்கிறது. அந்த இடத்துக்குப் பூமியும் பாறையும் ஒரே நேரத்தில் வருமா என்று பார்ப்பதே இல்லை. 75 லட்சம் கிலோமீட்டர் என்பது நிலவின் தூரத்தைப் போல் கிட்டத்தட்ட இருபது மடங்கு.

இந்தப் பட்டத்தில் 2,000-க்கும் மேற்பட்ட சிறுகோள்கள் இருக்கின்றன. அடுத்த நூறாண்டுக்கு மோதாது என்று உறுதியான அபோபிஸ் இன்றும் இந்தப் பட்டியலில் உள்ளது. 3.1 சதவீதம் வரை போய் எல்லோரையும் கவலைப்பட வைத்த ஒய்ஆர்4 இதில் இருந்ததே இல்லை, ஏனென்றால் அது 140 மீட்டருக்கும் சிறியது. எவற்றைத் தொடர்ந்து கண்காணிப்பது என்று முடிவு செய்யும் வானியலாளர்களுக்கு இது பயன்படும். செய்தி படிக்கிறவருக்கு இதில் எந்தத் தகவலும் இல்லை. ஒரு செய்தி இந்தப் பட்டத்தை மட்டும் சொல்லி, கீழே வரும் மூன்று எண்களில் ஒன்றைக்கூடத் தராவிட்டால் அதை அப்படியே கடந்து போகலாம்.

## சதவீதம்

மோதும் வாய்ப்பு இவ்வளவு என்று நேரடியாகச் சொல்வது இதுதான். அமெரிக்காவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், இத்தாலியின் பீசாவில் தொடங்கிய நியோடிஸ் ஆகிய மூன்று இடங்களில் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். விடைகள் கொஞ்சம் வேறுபடும். 2025 பிப்ரவரி 18 அன்று ஒய்ஆர்4-க்கு நாசா சொன்னது 3.1 சதவீதம், ஐரோப்பிய நிறுவனம் சொன்னது 2.8. இதைச் சண்டையாகப் பார்க்க வேண்டாம். தனித்தனியாகக் கணக்குப் போட்டும் இவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறது என்பது நம்பிக்கை தரும் விஷயம்.

இந்த எண்ணோடு கூடவே ஒரு பெரிய குழப்பமும் வருகிறது. வாய்ப்பு ஏறிக்கொண்டே போனால் ஆபத்து நெருங்குகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

புதிதாகக் கண்ட சிறுகோளை ஒரு மாதம்தான் பார்த்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பாதை நமக்குத் துல்லியமாகத் தெரியாது. எட்டு ஆண்டு கழித்து ஒரு குறிப்பிட்ட நாளில் அது இருக்கக்கூடிய இடங்களை எல்லாம் புள்ளி வைத்தால் நீளமான ஒரு கோடு வரும். அந்தக் கோடு பூமியின் விட்டத்தைப் போல் நூறு மடங்கு நீளம், பூமியும் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால், மோதும் வாய்ப்பு தோராயமாக நூற்றில் ஒன்று. இன்னும் சில இரவுகள் பார்த்ததும் கோடு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பூமி இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. இப்போது வாய்ப்பு மூன்று சதவீதம். பாறை பக்கத்தில் வரவில்லை. நம் அறியாமைதான் சுருங்கியிருக்கிறது. மேலும் சில இரவுகள் போனதும் கோட்டின் நுனி பூமியை விட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த நொடியில் எண் சரிந்து விழும்.

ஒய்ஆர்4-க்கு அப்படியேதான் நடந்தது. 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது. பூமியை மிக அருகில் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஜனவரி 27 அன்று வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டியது. பிப்ரவரி 7 அன்று 2.3. பிறகு முழுநிலவின் வெளிச்சம் வந்து மங்கலான பாறையைப் பார்க்க முடியாமல் செய்தது. நிலவு தேய்ந்ததும் மறுபடி தொலைநோக்கிகளைத் திருப்பினார்கள். 18 அன்று 3.1. மறுநாள் 1.5. அதற்கு அடுத்த நாள் 0.28. 24-க்குள் 0.004. உச்சத்திலிருந்து ஒன்றுமில்லாத நிலைக்கு ஆறே நாள்.

ஆகவே சதவீதத்தைப் பார்க்கிறவர் கூடவே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எத்தனை நாள் அவதானித்த பிறகு வந்த எண் இது? இரண்டு மாத அவதானிப்பில் வந்த 3 சதவீதத்தை விட, இருபது ஆண்டு அவதானிப்புக்கும் ரேடார் அளவீட்டுக்கும் பிறகு நிற்கும் 0.03 சதவீதம் எனக்குக் கனமாகத் தெரிகிறது. முதலாவது அநேகமாக மறைந்துவிடும். இரண்டாவது உண்மையிலேயே தங்கியிருக்கும் அபாயம்.

சதவீதத்தில் இன்னொரு குறை, அது பாறையின் அளவைப் பற்றி மூச்சே விடாது. ஒய்ஆர்4 முதலில் 40 முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம் என்றார்கள். பாறையின் மேற்பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று தெரியாதபோது பிரகாசத்தை மட்டும் வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது. 40-க்கும் 90-க்கும் இடையே நிறை பதினொரு மடங்கு மாறும், சேதமும் அதைப் பொறுத்து மாறும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்த பிறகுதான் சுமார் 60 மீட்டர் என்று தெரிந்தது. எதன் மேல் மோதும் வாய்ப்பு என்பதையும் பார்க்க வேண்டும். 2025-இல் அதே பாறைக்கு 4.3 சதவீதம் என்று பின்னால் வந்த செய்தி நிலவைப் பற்றியது. தலைப்பை மட்டும் படித்தவர்கள் பூமிக்கு மறுபடி ஆபத்து என்று நினைத்தார்கள்.

ஒரே சிறுகோளை நாள்தோறும் பின்தொடர விரும்பினால் சதவீதத்தை விட நல்ல எண் இல்லை. 1 சதவீதம் என்பது ஒரு பயனுள்ள கோடும்கூட. 10 மீட்டருக்கு மேற்பட்ட பாறைக்கு வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டினால், சர்வதேசச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு முறையான அறிவிப்பு தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒய்ஆர்4-க்கு வந்ததுதான் அப்படிப்பட்ட முதல் அறிவிப்பு.

## டொரினோ அளவுகோல்

1998 மார்ச்சில் 1997 எக்ஸ்எஃப்11 என்ற சிறுகோள் 2028-இல் பூமியை மிக நெருங்கும், மோதவும் கூடும் என்று அறிவிப்பு வந்தது. உலகம் முழுவதும் தலைப்புச் செய்தி. மறுநாளே 1990-இல் எடுத்த பழைய படங்களில் அதே பாறையைக் கண்டுபிடித்துப் பாதையைத் திருத்தினார்கள். மோதாது என்று தெரிந்தது. பொதுமக்களிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கேள்வி அப்போது கூர்மையானது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் பின்செல் ஏற்கெனவே உருவாக்கியிருந்த குறியீட்டை 1999-இல் இத்தாலியின் டொரினோ நகரில் நடந்த மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள்.

0 முதல் 10 வரை முழு எண்கள், வெள்ளையிலிருந்து சிவப்பு வரை நிறங்கள். மோதும் வாய்ப்பையும் மோதினால் வெளிப்படும் ஆற்றலையும் சேர்த்து ஒரே எண் ஆக்குகிறது. 0 என்றால் கவலையே இல்லை. 1 என்றால் வழக்கமான கண்டுபிடிப்பு, இன்னும் பார்த்தால் 0 ஆகிவிடும். 8, 9, 10 மூன்றும் மோதல் உறுதியானவைக்கு மட்டும். இதுவரை அதிகபட்சம் 4. 2004 டிசம்பரில் அபோபிஸுக்கு வந்தது. 2029-இல் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் என்று டிசம்பர் 27 அன்று கணக்கு சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் எடுத்து யாரும் கவனிக்காமல் கிடந்த படங்கள் அன்றே கிடைத்து, அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.

2.7 சதவீத அபோபிஸுக்கு 4. அதைவிட அதிகமாக 3.1 சதவீதம் போன ஒய்ஆர்4-க்கு 3. சதவீதம் மட்டும் பார்த்தால் இது புரியாது. அபோபிஸ் 300 மீட்டருக்கும் மேல், ஒரு பெரிய நிலப்பரப்பையே அழிக்கக்கூடியது. ஒய்ஆர்4 ஒரு நகரத்தின் அளவுக்குச் சேதம் செய்யக்கூடியது. டொரினோவின் பலம் இங்கேதான் தெரிகிறது: அளவைத் தெரிந்துகொள்ள நாம் தனியாகத் தேட வேண்டியதில்லை.

சரி, இதில் மறைந்திருக்கும் விலை என்ன? முதலாவது, முழு எண் என்பதால் நுணுக்கம் போய்விடுகிறது. ஒய்ஆர்4 1 சதவீதத்திலிருந்து 3.1 வரை ஏறிய மூன்று வாரமும் டொரினோ 3-லேயே நின்றது. இரண்டாவது, அடுத்த 100 ஆண்டுக்குள் நடக்கக்கூடியதற்கு மட்டுமே இது பொருந்தும். பென்னு என்ற 500 மீட்டர் பாறைக்கு 2182 செப்டம்பர் 24 அன்று 0.037 சதவீத வாய்ப்பு இருக்கிறது; அதற்கு டொரினோ எண்ணே கிடையாது. மூன்றாவது, ஏறத்தாழ 20 மீட்டருக்குக் கீழ் இருப்பவை வளிமண்டலத்திலேயே சிதறிவிடும் என்பதால் 0 தான் பெறும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்தது அந்த எல்லையிலேயே இருந்த பாறை. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு வந்தவர்கள். அதிர்வலை வந்து கண்ணாடியை உடைத்தது. 0 என்றாலும் ஜன்னலை விட்டு விலகி நிற்க வேண்டிய நிலை வரலாம்.

இத்தனை குறை இருந்தும், ஒரு நிமிடம் மட்டுமே இருக்கிற வாசகருக்கு நான் சொல்வது டொரினோவைத்தான். 0, 1 என்றால் பக்கத்தைத் திருப்புங்கள். 2 வந்தாலும் வானியலாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். 3 அல்லது 4 வந்து, மோதக்கூடிய நாள் பத்தாண்டுக்குள் இருந்தால் மட்டும் அடுத்த சில வாரம் செய்தியைத் தொடருங்கள். அளவுகோலின் விளக்கமே பொதுமக்கள் கவனிக்க வேண்டிய நேரம் என்று அந்த இடத்தில்தான் சொல்கிறது.

## பலேர்மோ அளவுகோல்

இது வல்லுநர்களுக்காக 2002-இல் வந்தது. கேட்கும் கேள்வியே வேறு. இந்தப் பாறை மோதும் வாய்ப்பு, இதே அளவோ பெரியதோ ஆன ஏதோ ஒரு பாறை அதே காலத்துக்குள் தற்செயலாக வந்து மோதும் வாய்ப்பை விட அதிகமா குறைவா? அந்தத் தற்செயல் வாய்ப்பைத்தான் பின்னணி அபாயம் என்கிறார்கள். இரண்டும் சமம் என்றால் 0. பத்து மடங்கு அதிகம் என்றால் +1. நூறில் ஒரு பங்கு என்றால் -2. -2-க்குக் கீழே போனால் பொருட்படுத்த வேண்டாம், -2-க்கும் 0-க்கும் இடையில் கண்காணிக்க வேண்டும், 0-க்கு மேல் என்றால் கவலைப்பட இடம் உண்டு.

காலத்தைக் கணக்கில் எடுப்பதுதான் இதன் சிறப்பு. டொரினோ கைவிட்ட பென்னுவை இது விடுவதில்லை: 2300 வரையிலான எல்லா வாய்ப்பையும் கூட்டி -1.4 என்ற அளவில் வைக்கிறது. 2880-இல் வரும் 1950 டிஏ என்ற ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறையும் பட்டியலில் உயரே இருக்கிறது. நூறு பாறைகளை வரிசைப்படுத்தி எதை முதலில் தொலைநோக்கியில் பார்ப்பது என்று முடிவு செய்ய இதைவிட நல்ல கருவி இல்லை. அபோபிஸ் 2004-இல் 1.10 வரை போனது, அதாவது வழக்கமான பின்னணி அபாயத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு. வானியலாளர்கள் அன்று அவ்வளவு பரபரப்பானது ஏன் என்று இந்த எண்ணில்தான் தெரியும்.

ஒய்ஆர்4 உச்சத்தில் -0.18. மைனஸில் இருக்கிறதே, அப்படியானால் வழக்கமான அபாயத்தை விடக் குறைவுதானே என்று சிலர் நிம்மதி அடைந்தார்கள். இங்கேதான் எச்சரிக்கை தேவை. பின்னணி அபாயத்தைக் கணக்கிட பலேர்மோ பயன்படுத்துவது ஓர் எளிய சூத்திரம். ஒய்ஆர்4-இன் ஆற்றலை, அதாவது ஏறத்தாழ 8 மெகாடன்னை (80 லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்), அதில் போட்டால் அப்படிப்பட்ட மோதல் சுமார் 170 ஆண்டுக்கு ஒருமுறை என்று வருகிறது. ஆனால் இந்த அளவுப் பாறை மோதுவது சில ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மதிப்பீடு. சிறிய பாறைகளுக்குச் சூத்திரம் பின்னணியை ஊதிக் காட்டுகிறது. அதனால் ஒய்ஆர்4 உண்மையில் பின்னணியை விடத் தெளிவாக உயர்ந்த அபாயமாகத்தான் அந்த வாரங்களில் இருந்தது.

எதிர்ப்பக்கமும் தவறு வரும். 2008 அக்டோபரில் 2008 டிசி3 என்ற சுமார் 4 மீட்டர் பாறையை மோதுவதற்கு ஏறத்தாழ 19 மணி நேரம் முன்பு கண்டுபிடித்தார்கள். சூடான் பாலைவனத்தின் மேலே எரிந்து சிதறியது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மோதல் உறுதி, மீதி நேரம் ஒரு நாள்கூட இல்லை என்று அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். விடை +1.7-ஐ ஒட்டி வருகிறது. அபோபிஸை விட அதிகம்! டொரினோவில் அது 0. எவ்வளவு அபூர்வம் என்பதைத்தான் பலேர்மோ சொல்கிறது, எவ்வளவு சேதம் என்பதைச் சொல்வதில்லை. பல சிறுகோள்களை ஒப்பிடவோ, நூறாண்டுக்கு அப்பால் பார்க்கவோ விரும்பினால் இதைப் பயன்படுத்துங்கள். ஒற்றைச் செய்தியை எடைபோட இது தோதுப்படாது.

## நான்கிலும் இல்லாதவை

எங்கே விழும் என்று இவற்றில் எதுவும் சொல்லாது. ஒய்ஆர்4-க்கு அதைத் தனி வரைபடமாகத்தான் தந்தார்கள்: கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீளும் ஒரு பட்டை.

இதைவிட முக்கியம், இந்த எண்கள் எல்லாம் கண்டுபிடித்த பாறைகளுக்கு மட்டும். செல்யாபின்ஸ்க் பாறை சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. அன்று காலை அதற்கு எந்த அளவுகோலிலும் எண் இல்லை. வானியலாளர்கள் அன்று வேறொரு சிறுகோள் 27,700 கிலோமீட்டரில் கடப்பதைப் பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிட்டோம். 140 மீட்டருக்கு மேற்பட்டவை சுமார் 25,000 இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பாதியைக்கூட இன்னும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குக் கவலை தருவது பட்டியலில் இருக்கும் பாறைகள் அல்ல, பட்டியலில் இல்லாத இந்தப் பாதிதான். சூரியன் பக்கமிருந்து வருபவற்றை அகச்சிவப்பில் தேடும் நியோ சர்வேயர் விண்தொலைநோக்கியை நாசா தயாரித்து வருவது அதற்காகவே.

## 2029-க்கு முன்கூட்டி ஒரு பயிற்சி

அபோபிஸ் 2029 ஏப்ரல் 13 அன்று பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடக்கும். புவிநிலைச் சுற்றுப்பாதையில் உள்ள தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களின் உயரத்தை விடக் குறைவு. அந்த வாரம் எப்படிப்பட்ட தலைப்புகள் வரும் என்று இப்போதே ஊகிக்கலாம். நான்கையும் வைத்துப் பாருங்கள். ‘ஆபத்தான’ என்ற பட்டம்: உண்டு. மோதும் சதவீதம்: 2021 மார்ச்சில் எடுத்த ரேடார் அளவீட்டுக்குப் பிறகு அடுத்த நூறாண்டுக்கு எதுவும் மிச்சமில்லை. டொரினோ: 0. பலேர்மோ: அபாயப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

அன்று இரவாக இருக்கும் பகுதிகளில், குறிப்பாக ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில், வானம் தெளிவாக இருந்தால் தொலைநோக்கி இல்லாமலேயே அதைப் பார்க்கலாம். விண்மீன்களுக்கு இடையே மெதுவாக நகரும் ஒரு புள்ளியாகத் தெரியும்.